ஊர்ச் சொல்லும் வைத்தியசாலைச் சொல்லும்: தொற்றுத் தடுப்புப் பணியில் இருப்போருக்கான விளக்கம்

மீள்குடியேறிய கிராமமொன்றில் நீங்கள் சுகாதாரத் தொண்டராகவோ, தாதியாகவோ, சிகிச்சை நிலைய உதவியாளராகவோ பணியாற்றுகிறீர்கள். உங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் தமிழிலேயே பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவதில்லை.

ஊரிலேயே இருந்த ஓர் அம்மா, “பிள்ளைக்கு இரவு முழுக்கச் சத்தி” என்று சொல்வார். தமிழ்நாட்டில் முகாமில் நீண்ட காலம் வாழ்ந்து திரும்பிய அம்மா, “ராத்திரியெல்லாம் ஒரே வாந்தி” என்பார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகளிடம், “தங்கச்சி, பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்று நீங்கள் கேட்டால், “வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, காய்ச்சல்தான் விடல” என்று பதில் வரும். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவருக்கு வருத்தம் என்றால் கவலை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம்தான். ஆனால் நோயின் பெயர் மாறி வைத்தியரின் காதுக்குப் போனாலோ, பதிவேட்டில் பிழையான சொல் எழுதப்பட்டாலோ, “துப்புரவு செய்தோம்” என்பதை “கிருமி நீக்கினோம்” என்று நீங்கள் விளங்கிக்கொண்டாலோ, ஓர் உயிர் போகலாம். தொற்றுத் தடுப்பில் வரும் ஒவ்வொரு சொல்லும் உங்களை ஒரு வேலை செய்யச் சொல்கிறது. சொல் பிழைத்தால் வேலையும் பிழைக்கும். ஆகவே, சொல்லின் பொருளோடு அது கேட்கும் வேலையையும் சேர்த்து இங்கே விளக்குகிறோம்.

பெயரைக் கேட்டு நிறுத்தாதீர்கள், அடையாளத்தைக் கேளுங்கள்

ஊரில் வழங்கும் நோய்ப் பெயர்கள் பல, கண்ணுக்குத் தெரியும் அடையாளத்திலிருந்து பிறந்தவை. வைத்தியசாலையில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் அந்த நோயை உண்டாக்கும் கிருமியை வைத்து அமைந்தவை. ஒரே அடையாளம் பல நோய்களில் தோன்றலாம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

செங்கண்மாரி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் இதனை மஞ்சள் காமாலை என்பார்கள். இரண்டு சொற்களும் கண்ணும் தோலும் மஞ்சளாவதைத்தான் சொல்கின்றன. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி ஏ நோயிலும் கண் மஞ்சளாகும். குருதியால் பரவும் ஈரல் அழற்சி பீ நோயிலும் மஞ்சளாகும். எலிக்காய்ச்சல் கடுமையாகும்போதும் மஞ்சளாகும். வயலில் சேற்றில் நின்று வேலை செய்த ஒருவர், காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்த பின், “இது செங்கண்மாரிதான், கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடிச்சால் மாறும்” என்று வீட்டில் இருந்துவிட்டால், சிறுநீரகம் பழுதடைந்து அவர் இறக்கவும் கூடும். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “அண்ணை, கடைசியா எப்ப வயலுக்குள்ள இறங்கினனீங்கள்? சலம் வழமை போலப் போகுதோ?”

நெருப்புக்காய்ச்சல் என்பது எங்கள் வழக்கில் தைபொயிட்டுக் காய்ச்சலைக் குறிக்கும். ஆனால் உடம்பு நெருப்பாகச் சுடுகின்ற எந்தக் காய்ச்சலையும் சிலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். டெங்குக் காய்ச்சலும் நெருப்பாகத்தான் சுடும். ஆனால் டெங்கு நோயில் காய்ச்சல் குறையும் நேரமே ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விட்டபின் வயிற்றுநோவு, ஓயாத சத்தி, குருதிக் கசிவு, கைகால் குளிர்தல், சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். “காய்ச்சல் விட்டிட்டுது” என்பதை “சுகமாகிவிட்டது” என்று பதிவு செய்யாதீர்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், புரூபென் போன்ற குளிசைகளைக் கொடுக்கக்கூடாது.

சின்னமுத்து, சின்னம்மை என்ற இரு சொற்களும் ஒன்றுபோல ஒலிப்பதால் அதிகம் மாறுகின்றன. சின்னமுத்து என்பது காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவற்றோடு தொடங்கி, முகத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவும் சிவந்த தடிப்பு. இதனையே இந்தியாவில் தட்டம்மை என்பார்கள். சின்னம்மை என்பது நீர் கோத்த கொப்புளங்கள் தோன்றும் நோய். அதற்கு ஊரில் கொப்புளிப்பான் என்றும் பெயர் உண்டு. பலர் இரண்டையும் சேர்த்து “அம்மாள் வருத்தம்” என்று சொல்லி, வேப்பிலை கட்டி, வெளியில் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அவர்களின் நம்பிக்கையை நீங்கள் பழிக்க வேண்டியதில்லை. “தடிப்போ, தண்ணிக் கொப்புளமோ? முதல் எங்க போட்டது? வீட்டில கர்ப்பிணித் தாய்மார் இருக்கினமோ?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு நோய்களுமே கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்தானவை.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்க்கும்போதும் இந்த வேறுபாடு குறுக்கே வரும். நாங்கள் குக்கல் என்பதை அவர்கள் கக்குவான் இருமல் என்பார்கள். கூகைக்கட்டை அம்மைக்கட்டு அல்லது பொன்னுக்கு வீங்கி என்பார்கள். ஏற்புவலியை டெட்டனஸ் என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். இந்தியாவில் கொடுத்த அட்டை இங்கே பயன்படாது என்று எண்ணி அதனை எறிந்துவிட வேண்டாம் எனப் பெற்றோரிடம் கூறுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அந்த அட்டையை இலங்கையின் தடுப்பூசி அட்டவணையோடு ஒப்பிட்டு, விடுபட்ட ஊசியை மட்டும் ஏற்பாடு செய்வார்.

நுளம்பைக் கொசு என்றும், இலையானை ஈ என்றும், தடிமனைச் சளி என்றும், குளிசையை மாத்திரை என்றும், வயிற்றோட்டத்தைப் பேதி என்றும் சொல்லும் குடும்பங்கள் உங்கள் கிராமத்தில் இருந்தால், சுவரொட்டியிலும் வீட்டுச் சந்திப்பிலும் இரு சொற்களையும் பயன்படுத்துங்கள். அங்கே ஓ.ஆர்.எஸ். என்று வாங்கிய பொதிதான் இங்கே ஜீவனி என்று சொன்னால், அந்த ஒரு வசனமே ஒரு குழந்தையைக் காப்பாற்றக்கூடும்.

கிருமி என்றால் எது?

கிருமி என்ற ஒரு சொல்லுக்குள் பல உயிர்கள் அடங்கும். தைபொயிட்டு, கொலரா, காசநோய், எலிக்காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்குபவை பற்றீரியாக்கள். டெங்கு, சின்னமுத்து, சின்னம்மை, ஈரல் அழற்சி ஆகியவற்றை உண்டாக்குபவை வைரசுகள். தேமல், படர்தாமரை போன்றவை பங்கசினால் வருபவை. மலேரியாவை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி.

இந்த வேறுபாடு ஏன் தேவை? நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், அதாவது மக்கள் அன்ரிபயோட்டிக் என்று சொல்பவை, பற்றீரியாவை மட்டுமே தாக்கும். வைரசினால் வந்த தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் அவை உதவா. “போன முறை தந்த குளிசையில மிச்சம் இருக்கு, அதைக் குடுக்கட்டோ?” என்று கேட்கும் தாயிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாகக் குடித்த மருந்து, அதற்கு மசியாத பற்றீரியாக்களைப் பெருகவிடும். அடுத்த முறை உண்மையாகவே தேவைப்படும்போது அதே மருந்து வேலை செய்யாது.

மாசு, தொற்று, நோய்

இந்த மூன்று சொற்களும் மூன்று வேறு நிலைகள்.

மாசடைதல் என்றால் கிருமி ஒரு பொருளின்மீதோ, கையிலோ, நீரிலோ இருப்பது. தொற்று என்றால் கிருமி உடலுக்குள் நுழைந்து பெருகத் தொடங்குவது. நோய் என்றால் அதனால் உடலில் அறிகுறிகள் தோன்றுவது. கை மாசடைந்தால் கழுவினால் போதும். தொற்று ஏற்பட்டுவிட்டால் கழுவுவதால் பயனில்லை. ஆகவே உங்கள் வேலையின் பெரும்பகுதி முதலாவது நிலையிலேயே முடிந்துவிட வேண்டும்.

தொற்றுக்கும் நோய்க்கும் இடைப்பட்ட நாட்களை நோயரும்பு காலம் என்கிறோம். கொலராவுக்கு இது சில மணித்தியாலங்கள் முதல் 5 நாட்கள் வரை. டெங்குவுக்கு 4 முதல் 10 நாட்கள். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாட்கள். ஈரல் அழற்சி ஏ நோய்க்கு 15 முதல் 50 நாட்கள். ஒருவர் எங்கிருந்து நோயைப் பெற்றார் என்று தேடும்போது இந்தக் கணக்கு தேவை. கண் மஞ்சளான பிள்ளையிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதில் பயனில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் எந்தக் கிணற்று நீரைக் குடித்தது என்று கேட்க வேண்டும்.

காவி என்ற சொல் இரு பொருளில் வரும். டெங்குவைக் காவும் நுளம்பும் காவிதான். அறிகுறி எதுவும் இல்லாமல் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும் மனிதரையும் காவி என்பார்கள். தைபொயிட்டிலிருந்து குணமான ஒருவர் சில வேளைகளில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, மலத்தில் கிருமியை வெளியேற்றலாம். பொதுச் சமையலில் பங்கெடுப்போர் மலசலகூடம் சென்று வந்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கிருமி வரும் வழிகள்

தொடுகை வழி, துளி வழி, காற்று வழி, நீர் மற்றும் உணவு வழி, குருதி வழி, காவி வழி என்று வழிகளைப் பிரித்துக் கூறுவார்கள். எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால் எந்தக் கதவை மூடுவது என்றும் தெரியும்.

துளி என்றால் இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் கனமான சிறு துளிகள். அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்துக்குள் கீழே விழுந்துவிடும். முகக்கவசமும் இடைவெளியும் அங்கே பெரிதும் உதவும். காற்று வழி என்றால் மிக நுண்ணிய துகள்கள் காற்றில் நெடுநேரம் மிதப்பது. காசநோய், சின்னமுத்து, சின்னம்மை ஆகியவை இவ்வாறு பரவும். இங்கே யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துவதே முதல் வேலை. தகரக் கொட்டகையில் இயங்கும் சிகிச்சை நிலையத்தில், இரண்டு கிழமைகளுக்கு மேல் இருமும் ஒருவரை அடைத்த அறைக்குள் கைக்குழந்தைகளோடு காத்திருக்க வைக்காதீர்கள். மர நிழலில் ஒரு வாங்கு போட்டு அவரை இருத்தி, முகக்கவசம் கொடுத்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

துப்புரவு, தொற்றுநீக்கம், கிருமியழித்தல்

பணியிடங்களில் மிக அதிகமாக மாறிப்போகும் சொற்கள் இவை.

துப்புரவு என்றால் சவர்க்காரமும் நீரும் கொண்டு அழுக்கையும் குருதியையும் சளியையும் அகற்றுவது. கிருமிகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் எல்லாம் இறப்பதில்லை.

தொற்றுநீக்கம் என்றால் குளோரின் போன்ற இரசாயனத்தாலோ, கொதிக்க வைப்பதாலோ பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது. ஆனால் ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவைப் போன்றவற்றின் வித்திகள் கொதிநீரிலும் தப்பிப் பிழைக்கும்.

கிருமியழித்தல் என்றால் வித்திகள் உட்பட எல்லா உயிர்களையும் அழிப்பது. அமுக்க நீராவிக் கருவியில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில், சுற்றப்படாத கருவிகளை 20 நிமிடமும் துணியில் சுற்றியவற்றை 30 நிமிடமும் வைக்க வேண்டும். நேரத்தை அடுப்பு மூட்டியதிலிருந்து எண்ணாமல், வெப்பமும் அமுக்கமும் உரிய அளவை எட்டியதிலிருந்து எண்ணுங்கள்.

எனவே, தரையைத் துப்புரவு செய்யுங்கள். குருதி சிந்திய இடத்தைத் தொற்றுநீக்கம் செய்யுங்கள். காயம் தைக்கும் கருவியையும் தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலையும் கிருமியழியுங்கள். “கத்தரிக்கோலை நல்லாக் கொதிக்க வைச்சனான்” என்று ஒருவர் சொன்னால், அவர் செய்தது தொற்றுநீக்கம் மட்டுமே. பிறந்த குழந்தைக்கு ஏற்புவலி வருவதற்கு அந்த இடைவெளி போதும்.

இன்னொரு விதியையும் மறக்கக்கூடாது: துப்புரவு செய்யாமல் தொற்றுநீக்கம் இல்லை. அழுக்கின்மேல் குளோரினை ஊற்றினால், அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். குருதி சிந்தியிருந்தால் கையுறை அணிந்து, கடதாசியாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுத்து, பின்னர் 0.5 சதவீதக் குளோரின் கரைசலை ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். 30 சதவீத வலுவுள்ள வெளிற்றும் தூளாயின் ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 17 கிராம் கரைத்தால் இந்த வலு கிடைக்கும். இதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் 0.05 சதவீதக் கரைசல் வரும். கரைசலை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தயாரியுங்கள். அமிலம் கலந்த வேறு துப்புரவுத் திரவங்களோடு கலக்காதீர்கள். எழும் வாயு மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

கிணற்றுக்குக் குளோரின் இடுவதும் இதே சொல்லால் வழங்கினாலும் அளவு முற்றிலும் வேறு. வருடக்கணக்காகப் பயன்படாதிருந்த கிணற்றை முதலில் இறைத்து, சேறும் குப்பையும் அகற்றிய பின்னரே குளோரின் இட வேண்டும். குடிக்கும் நீரில் அரை மணித்தியாலத்தின் பின் ஒரு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அளவு எஞ்சிய குளோரின் இருப்பது விரும்பத்தக்கது. தூளின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் நீர்க்கொள்ளளவை வைத்துக் கணித்துத் தருவார். ஊகத்தில் இடாதீர்கள்.

கை கழுவும் ஐந்து தருணங்கள்

1847ஆம் ஆண்டு, வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேத அறையிலிருந்து பிரசவ விடுதிக்கு வரும் வைத்தியர்களும் மாணவர்களும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். பிரசவத்தின் பின் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் தொகை வெகுவாகக் குறைந்தது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படாத காலம் அது. காரணம் தெரியாமலே கை கழுவி உயிர்களைக் காப்பாற்றினார்கள். உங்களுக்குக் காரணமும் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஐந்து தருணங்கள் குறிக்கப்பட்டுள்ளன. நோயாளியைத் தொடுமுன், மருந்து கட்டல், ஊசி போடல் போன்ற சுத்தமான செயலுக்கு முன், குருதி அல்லது உடற்திரவம் பட்ட வாய்ப்பிருந்தால் அதன் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் கட்டில், மேசை போன்ற சூழலைத் தொட்ட பின். சவர்க்காரமும் நீரும் கொண்டாயின் 40 முதல் 60 செக்கன்கள். அற்ககோல் திரவமாயின் 20 முதல் 30 செக்கன்கள். கையில் அழுக்கோ குருதியோ தெரிந்தால் சவர்க்காரமும் நீருமே வேண்டும். கையுறை அணிவது கை கழுவுவதற்கு மாற்றாகாது. கையுறையைக் கழற்றிய பின்னும் கழுவ வேண்டும்.

நியம முன்னெச்சரிக்கையும் ஊசிக் குத்தும்

நியம முன்னெச்சரிக்கை என்றால், எவருடைய குருதியிலும் உடற்திரவத்திலும் தொற்று இருக்கலாம் எனக் கொண்டு எல்லோரிடமும் ஒரே விதமாக நடந்துகொள்வது. தெரிந்த குடும்பம், நல்ல மனிதர், வயதான ஐயா என்று விதிவிலக்கு இல்லை. அதேபோல, முகாமிலிருந்து வந்தவர் என்றோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றோ எவருக்கும் கூடுதல் கையுறையும் இல்லை. இந்த விதி உங்களையும் காக்கிறது, அவர்களின் மானத்தையும் காக்கிறது.

பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். நேரே கூர்ப்பொருள் பெட்டியில் இடுங்கள். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அகற்றுங்கள். ஊசி குத்திவிட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அமுக்கிக் குருதி எடுக்கவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம். உடனே பொறுப்பு வைத்தியரிடம் சொல்லுங்கள். வைரசு உள்ள நோயாளியின் ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1000இல் 3. தடுப்பூசி பெறாதவருக்கு ஈரல் அழற்சி பீ தொற்றும் வாய்ப்பு 100இல் 30 வரை போகலாம். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தளவு விரைவாகத் தொடங்க வேண்டும். “பேச்சு விழும்” என்று பயந்து மறைத்த ஒரு நாள், திரும்பக் கிடைக்காத ஒரு நாள்.

“தனிமைப்படுத்தல்” என்ற சொல்லைக் கவனமாகச் சொல்லுங்கள்

கொவிட் காலத்தில் தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல் இரண்டு வேறு செயல்களுக்கு வழங்கியது. நோய் உள்ளவரை மற்றவர்களிடமிருந்து வேறாக வைத்துப் பராமரிப்பது ஒன்று. நோயாளியோடு பழகியதால் தொற்றியிருக்கக்கூடிய, ஆனால் இன்னும் நலமாக இருப்பவரை நோயரும்பு காலம் முடியும்வரை கண்காணிப்பது மற்றது. முன்னவர் நோயாளி, பின்னவர் நோயாளி அல்ல. இரண்டாமவரைப் பற்றி “அவைக்கு வருத்தமாம்” என்று ஊரில் ஒரு சொல் பரவினால், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள். பொதுக் கிணற்றில் வாளியைத் தொட விடமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் மக்களில் பலர் முட்கம்பிக்குள் வாழ்ந்தவர்கள். “தடுப்பு” என்றால் அவர்களின் நினைவுக்குத் தடுப்பூசிக்கு முன் தடுப்பு முகாம் வரும். “உங்களைத் தனிமைப்படுத்தப் போகிறோம்” என்று வாசலில் நின்று சொன்னால், நோயாளியை ஒளித்துவைக்கும் எண்ணமே அவர்களுக்கு முதலில் வரும். அதற்குப் பதிலாக, எதற்கு, எங்கே, எத்தனை நாள், யார் பார்க்க வரலாம் என்ற நான்கையும் சொல்லுங்கள். “அம்மா, கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டும் வரைக்கும் தம்பி பள்ளிக்கூடம் போகவேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பார்க்கிறன்.” இதுவும் தனிமைப்படுத்தல்தான். ஆனால் இதைக் கேட்டு யாரும் ஓடி ஒளியமாட்டார்கள்.

காசநோய்க்கும் இது பொருந்தும். ஒழுங்காக மருந்து எடுக்கும் ஒருவரிடமிருந்து நோய் பரவும் தன்மை சில வாரங்களிலேயே பெரிதும் குறைந்துவிடும். ஆனால் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதங்கள் தொடர வேண்டும். “தொற்றாது” என்பதும் “குணமாகிவிட்டது” என்பதும் ஒன்றல்ல. முதலாவதை அயலவருக்கும் இரண்டாவதை நோயாளிக்கும் விளங்க வையுங்கள்.

சந்தேகம், உறுதி, அறிவித்தல்

சந்தேகத்துக்குரிய நோயாளி என்றால் அறிகுறிகள் பொருந்துகின்றன, பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று பொருள். உறுதிப்படுத்தப்பட்ட நோயாளி என்றால் பரிசோதனையும் அதனைக் காட்டிவிட்டது என்று பொருள். இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்களை, சந்தேகம் வந்தவுடனேயே அறிவிக்க வேண்டும். உறுதியாகும்வரை காத்திருப்பதில்லை. 1897ஆம் ஆண்டின் நோய்த் தடுப்புக்காப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. வைத்தியர் சுகாதாரம் 544 என்ற படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.

இந்தப் படிவத்தில் நோயாளியின் விலாசம் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். மீள்குடியேறிய குடும்பங்கள் பழைய முகாம் விலாசத்தையோ, அடையாள அட்டையில் உள்ள ஊரையோ சொல்லக்கூடும். “இப்ப இரவில எங்க படுக்கிறீங்கள்?” என்று கேட்டு எழுதுங்கள். பரிசோதகர் வீட்டுக்கு வருவதைக் குற்ற விசாரணை என்று மக்கள் எண்ணக்கூடாது. நுளம்பு பெருகும் கோம்பையையும் தயரையும் கிணற்றையும் தேடி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நோய் வராமல் பார்க்கவே அவர் வருகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இல்லாத நோயும் திரும்ப வரலாம்

2012 ஒக்டோபருக்குப் பின் இலங்கைக்குள் மலேரியா பரவாத நிலை எட்டப்பட்டு, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் எங்கள் நாட்டை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இங்கே அற்ற என்றால் உள்நாட்டில் பரவவில்லை என்றே பொருள். மலேரியாவைக் காவும் நுளம்பு இன்னும் இருக்கிறது. ஒட்டுண்ணி மட்டும் இல்லை. மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருபவரின் குருதியில் அது வந்துவிட்டால், நுளம்பு மிகுதி வேலையைச் செய்துவிடும்.

இந்தியாவின் சில பகுதிகளில் மலேரியா இன்னும் உண்டு. ஆகவே அங்கிருந்து திரும்பிய எவருக்கும் காய்ச்சல் வந்தால், மலேரியாத் தடை இயக்கத்தின் குருதிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று கூறுங்கள். சில வகை மலேரியா, வந்து பல மாதங்களுக்குப் பின்னும் தலைகாட்டும். “வந்து எவ்வளவு காலம்?” என்ற கேள்வியைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். திரும்பி வந்தவர் நோயைக் கொண்டுவந்தவர் அல்ல. அவர் முதலில் பாதுகாக்கப்பட வேண்டியவர்.

நாளாந்த வேலைக்கு மூன்று பழக்கங்கள்

முதலாவது, நோயாளி சொன்ன சொல்லை அப்படியே பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் நீங்கள் கண்ட அடையாளத்தை எழுதுங்கள். “செங்கண்மாரி என்கிறார். காய்ச்சல் 4 நாள். கண் மஞ்சள். வயல் வேலை. சலம் குறைவு.” வைத்தியர் தமிழ் அறியாதவராக இருந்தாலும், இந்த அடையாளங்களை மொழிபெயர்க்கலாம். செங்கண்மாரி என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் மொழிபெயர்த்தால் பாதி போய்விடும்.

இரண்டாவது, நீங்கள் சொன்னதை அவர்களிடமே திரும்பக் கேளுங்கள். “விளங்கினதோ?” என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். “வீட்டை போய் ஜீவனி எப்பிடிக் கரைப்பீங்கள், எனக்குச் சொல்லுங்கோ பார்ப்பம்” என்று கேளுங்கள். ஒரு லீற்றர் பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடித்து, மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். “அரைவாசிப் பக்கெற்றை ஒரு தம்ளருக்குள்ள” என்று பதில் வந்தால், அந்தத் தவறை அங்கேயே திருத்திவிடலாம்.

மூன்றாவது, உங்கள் நிலையத்தில் வேலை செய்வோர் எல்லோரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்துங்கள். துப்புரவு, தொற்றுநீக்கம், கிருமியழித்தல் என்ற மூன்றையும், அவற்றுக்குரிய பொருட்களின் பட்டியலோடு கழுவும் இடத்துக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சிக்கோ தம்பிக்கோ முதல் நாளிலேயே அதனை வாசித்துக் காட்டுங்கள்.

நோயாளியின் சொல்லை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. சத்தி என்றாலும் வாந்தி என்றாலும் பிள்ளைக்கு நீர் குறைகிறது என்பதே செய்தி. அந்தச் செய்தி வீட்டிலிருந்து உங்களுக்கும், உங்களிடமிருந்து வைத்தியருக்கும், வைத்தியரிடமிருந்து திரும்ப வீட்டுக்கும் பிழையின்றிப் போய்ச் சேருவது உங்கள் கையில் இருக்கிறது.